முப்பத்தேழாம் வாரத்து நாற்காலி

எங்கள் அப்பா ஒரு பொருளை முப்பத்தோரு வருடம் ஒளித்து வைத்திருந்தார். பரண்மேல் இல்லை, பூட்டிய பெட்டிக்குள் இல்லை. கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் உட்கார்ந்து எழுந்து போகும்படி வைத்திருந்தார். அது ஒரு நாற்காலி. யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தாரோ, அவரே ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அதில்தான் உட்காருவார். உட்கார்ந்து இரண்டு கைப்பிடியையும் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இப்படி ஒரு நாற்காலி இனிமே யாரும் செய்யப்போறதில்ல" என்பார். அப்பா உடனே டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவார். டீ போடத் தெரியாத மனிதர்.

உட்காருகிறவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். நாற்காலியைச் செய்தவர் அப்பா. மாமா ஒரு தடவை அடி வாங்கியது இதே நாற்காலியால்தான் என்பது மாமாவுக்கே தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஒரு மனிதனால் இவ்வளவு நாள் எப்படிச் சாப்பிட்டுத் தூங்க முடிந்தது என்று கேட்காதீர்கள். அப்பா நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தடுமாறினார்.

அப்பா தச்சர். இப்போது பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு செய்கிறார். நாற்பது பிள்ளைகள் ஏறிக் குதித்தாலும் முனகாத பெஞ்சு. "இது உங்க பேரன் காலத்துலயும் இருக்கும்" என்று தலைமையாசிரியர்களிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிடிவாதம் தெரியும். காரணம் உண்டு. வாலிபத்தில் அவர் செய்ததெல்லாம் உடையும் நாற்காலிகள்.

அப்போது தொலைக்காட்சியில் சனிக்கிழமை சாயங்காலம் 'நீலத்தும்பி' என்ற தொடர் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது, மறு ஒளிபரப்பில்தான் பார்த்தேன். கதாநாயகன் பகலில் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்துகிறவர். ஊருக்கு ஆபத்து என்றால் நீல முகமூடியும் முதுகில் இரண்டு மெல்லிய சிறகுமாகக் கிளம்பிவிடுவார். அந்தச் சிறகால் அவர் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. சண்டையில் எதிலாவது மாட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. அறுபது வாரமும் கடைசி ஆறு நிமிடம் கட்டாயம் சண்டை. சண்டை என்றால் நாற்காலி உடைய வேண்டும்.

நாற்காலி சுக்குநூறாகப் போக வேண்டும், தலை போகக் கூடாது. இதுதான் அப்பாவுக்குக் கொடுத்த உத்தரவு. லேசான மரமாகப் பார்த்து எடுப்பார். காலை உள்பக்கமாக முக்கால் வாசி அறுத்து, வெட்டில் மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைப்பார். பசைக்குப் பதில் மைதா கஞ்சி. மேலே இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டால் நூறு வருடத்து நாற்காலி மாதிரி மிடுக்காக நிற்கும். அதில் பூனை உட்காரலாம், கொஞ்சம் கனமான பூனை உட்காரக் கூடாது. யாரும் தெரியாமல் உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்காக அடியில் சிவப்பு பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போடுவார். படம் எடுப்பதற்கு முன் சண்டை மாஸ்டர் நாற்காலியைக் கவிழ்த்து அந்தக் குறியைப் பார்ப்பார். குறி இருந்தால் அடிக்கலாம், இல்லாவிட்டால் உட்காரலாம். அந்த இடத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

மாமா அந்தத் தொடரில் நீலத்தும்பியின் உடம்பு. முகம் வேறு ஒருவருடையது. அந்த முகத்துக்காரர் வந்து, ஜன்னலோரம் நின்று, நீதி நியாயம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவரை எங்கள் வீட்டில் குளோசப் என்றுதான் சொல்வோம். முகமூடியை மாட்டிக்கொண்டு அடித்தது, அடி வாங்கியது, மாடிப்படியில் உருண்டது எல்லாம் மாமா. ஊரே குளோசப்பிடம் கையெழுத்து வாங்கியது. மாமாவிடம் மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் நட்பாக இருந்தார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சண்டை உண்டு. அம்மாவுக்கு சலவைக்கடைச் சண்டை. ஈரப் போர்வைகளுக்கு நடுவே பத்துப் பேரை அடித்துப் போட்டுவிட்டு, கீழே விழுந்த ஒரு போர்வையை நீலத்தும்பி எடுத்து உதறிக் கொடியில் போடுவார். "பாரு, அவ்வளவு வேலைக்கு நடுவுல" என்று அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பாவுக்குக் கடிகாரக் கடைச் சண்டை. ஒரே தள்ளில் இரண்டு அலமாரி, ஒரு மேசை, பதினான்கு சுவர்க் கடிகாரம். எல்லாம் அவர் கைவேலை. மற்றவர்கள் நாயகனைப் பார்ப்பார்கள், அப்பா அலமாரியைப் பார்ப்பார். மாமாவுக்குப் பிடித்தது பேக்கரிச் சண்டை. முதல் மூட்டை பிரிந்ததுமே மாவு கிளம்பி ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் போனது. அடியாட்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். மாமா ஒரு மூலையில் உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறார். கடைசியில் மாவுக்குள்ளிருந்து கம்பீரமாக நடந்து வந்தவர் டீ கொடுக்க வந்தவர். எனக்கோ இருபத்தோராம் வாரம். சிறகு மின்விசிறியில் மாட்டி நீலத்தும்பி நாலு சுற்றுச் சுற்றுவார். யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்களாம். மாமா சுற்றிக்கொண்டே இரண்டு பேரை உதைத்திருக்கிறார், அதனால் படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

முப்பத்தேழாம் வாரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டோம். மறு ஒளிபரப்பில் அது வரும்போது அப்பாவுக்குக் குழாய் சொட்டுவது கேட்கும், மாமாவுக்கு கார் கண்ணாடியை மூடினோமா என்று சந்தேகம் வரும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போவார்கள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வில்லனின் அலுவலகம். அடியாட்களில் ஒருவர் ரொம்பப் பெரியவர், அவருக்குப் படப்பிடிப்பில் வைத்த பெயர் பீரோ. பீரோ நாற்காலியைத் தூக்கி நீலத்தும்பியின் முதுகில் அடிப்பார். வழக்கமாகக் கட்டை பறக்கும், நீலத்தும்பி தூசி தட்டிக்கொண்டு திரும்புவார். இந்தத் தடவை நாற்காலி உடையாது. நீலத்தும்பி அப்படியே விழுவார். ஒரு சிறகு மடங்கியிருக்கும். ஒன்பது வினாடி அசைவே இல்லை, நான் எண்ணியிருக்கிறேன். பிறகு ஒரு கை தரையைத் தேடும். ஒரு முழங்கால் மடங்கும். எழுந்து நின்று பீரோவைப் பார்ப்பார், அவ்வளவுதான். பீரோ பயந்து இரண்டடி பின்னால் போவார். அதுவரை முப்பத்தாறு வாரம் வலியே தெரியாத ஒரு ஆளுக்கு அன்றைக்குத்தான் வலித்தது. பார்த்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

மறக்க முடியாதபடி அது எப்படி நடந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பாவே பிறகு எங்களிடம் சொன்னது இது.

அப்பாவும் மாமாவும் அப்போது ஒரு தட்டில் சாப்பிடுகிற நண்பர்கள், வாடா போடா என்று பேசிக்கொள்கிறவர்கள். மாமாவின் தங்கையை அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அம்மாவுக்கும் சம்மதம். அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, தபால் ஆபீசில் மேலதிகாரி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மரியாதை. அவர் நீலத்தும்பி பார்ப்பதே வில்லனுக்காகத்தான். "அவன் உக்கார்ற நாற்காலி நல்லா இருக்கு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது போதும். பெண் கேட்கப் போகிற நாளில் அதே மாதிரி ஒரு நாற்காலியைத் தாத்தாவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். நல்ல வைரம் பாய்ந்த மரம், பொருத்துகள் எல்லாம் ஆப்பு வைத்து அறைந்தவை. அதே வாரம் சண்டைக் காட்சியில் உடைவதற்கும் அதே மாதிரி ஒன்று தேவைப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்தார். இரண்டுக்கும் ஒரே டப்பா வார்னிஷ். இரண்டும் பட்டறை வாசலில் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன.

பெண் கேட்கப் போகிற அன்று காலை அப்பா புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எல்லாக் கேட்டுக்கும் காரணம் அந்தச் சட்டைதான். வழக்கமாக அவர் நாற்காலியைத் தூக்கிப் பார்த்துத்தான் குறி போடுவார். தூக்கினால் எடை சொல்லிவிடும். அன்றைக்குச் சட்டையில் வார்னிஷ் பட்டுவிடுமே என்று தூக்கவில்லை. எட்ட நின்று, குனிந்து, ஒன்றில் சிவப்புக் குறியைப் போட்டுவிட்டுத் தலை வாரப் போய்விட்டார். குறி போட்டதைப் படப்பிடிப்புத் தளத்திலும், போடாததைத் தபால் ஆபீஸ்காரர் வீட்டிலும் வேன் டிரைவர் இறக்கிவிட்டார். அப்பா சட்டை கசங்காமல் நடந்தே போனார்.

போய்ச் சேர்ந்தபோது தாத்தா தரையில் இருந்தார். சுற்றிலும் சுள்ளி. அம்மா ஒரு கையால் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சிரிப்பை மூடிக்கொண்டு நின்றார்.

"நீங்க செஞ்சதா தம்பி?" என்றார் தாத்தா, தரையிலிருந்தே.

அப்பாவுக்கு முதலில் தாத்தா தெரிந்தார். அடுத்த வினாடி பீரோ தெரிந்தார். இது இங்கே உடைந்தால் உடையாதது எங்கே? அப்பா பதில் சொல்லாமல் திரும்பி ஓடினார். வந்த மாப்பிள்ளை வாயே திறக்காமல் ஓடியதைத் தாத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டை நனைய நனைய ஓடியும் நேரமாகிவிட்டது. சண்டை மாஸ்டர் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார், குறி இருந்திருக்கிறது. பீரோவுக்கு எடை உறைக்கவில்லை. அவருக்கு நாற்காலியும் ஒன்றுதான், தலையணையும் ஒன்றுதான். அப்பா உள்ளே நுழையும்போது இயக்குநர் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு மூலையில் தோளில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்தார். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

"தப்பு என்மேலதான்டா. அரை அடி முன்னாடி வந்துட்டேன். கால் பக்கம் படவேண்டியது பலகைப் பக்கம் பட்டுருச்சு. அப்புறம் எப்படி உடையும்?"

சண்டை மாஸ்டரும் ஆமாம் என்றார். பலகை விளிம்பில் பட்டால் உடையும் நாற்காலிகூட உடையாது, அது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். ரிப்பேர் பார்க்கிறேன் என்று நாற்காலியை எடுத்து வந்து, இரண்டு நாள் கழித்துத் தாத்தாவிடம் கொடுத்தார். முந்தினதில் பசை காயவில்லை என்றார். அம்மாவைத் தருவதற்குத் தாத்தா யோசித்தபோது, கட்டுப் போட்ட தோளோடு வந்து பேசியவர் மாமாதான். "பசை காயலன்னா என்னப்பா, ஆள் தங்கம்" என்றாராம். அதற்கப்புறம் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? கல்யாணம் நடந்தது. வாடா போடா எல்லாம் போய் மச்சான், மாப்ள, வாங்க, போங்க என்று மரியாதை வந்தது. தாத்தாவும் நாற்காலியைத் தன் கூடத்தில் எல்லாரும் உட்காரும்படிதான் போட்டிருந்தார், அவருக்குப் பிறகு அது எங்கள் கூடத்துக்கு வந்தது.

இது வேடிக்கைக் கதையாக இங்கேயே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். மாமாவின் தோள் ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. அவருடைய கணக்குத்தான் சரியாகவில்லை. தன் கண்ணும் காலும் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தார். அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் அரை அடி தள்ளியே நின்றார். அவர் மேல் குத்து விழாமலே விழுந்தார், பார்த்தால் தெரிந்தது. நாற்பத்தெட்டாம் வாரம் சண்டை மாஸ்டர் மரியாதையாக வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். மாமா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். முப்பது வருடமாக எங்கள் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர்தான். அவரிடம் படித்தவர்களைச் சாலையில் பார்த்தாலே தெரியும், சிக்னலில் கோட்டுக்கு அரை அடி பின்னாலேயே நிற்பார்கள். எனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "அரை அடிம்மா. வாழ்க்கையே அந்த அரை அடிதான்" என்பார். நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

நாற்காலியின் அடியில் அந்தச் சிவப்புக் குறி அப்படியே இருந்தது. சின்ன வயதில் அதற்குள் புகுந்து விளையாடும்போது இது என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். "மரத்துக்கு ஊசி போட்ட இடம்" என்றார். நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் போய் எல்லா பெஞ்சுக்கும் ஊசி போட்டாயிற்றா என்று குனிந்து பார்த்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நீலத்தும்பி ரசிகர் குழுவாம். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பஸ் டிரைவர், மூன்றாமவர் வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள். அறுபது வாரத்துச் சண்டையிலும் எது சிறந்தது என்று வாக்கெடுத்திருக்கிறார்கள். கைபேசியில் பட்டியலைப் படித்தார்கள். பேக்கரிக்கு நாலாவது இடம். மின்விசிறிக்கு மூன்றாவது இடம் என்றதும் எனக்குப் பெருமை. கடிகாரக் கடை ஏழாவதாக வந்ததும் அப்பா முகம் சுருங்கிற்று. சலவைக்கடை பட்டியலிலேயே இல்லை, அம்மா பிஸ்கட் தட்டை அவர்களுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார்.

"முதலிடம் நாற்காலிச் சண்டைக்கு சார்" என்றார் பல் டாக்டர், மாமாவிடம். "ரெண்டாவதுக்கும் அதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. அந்த ஒன்பது செகண்டைப் பார்த்துத்தான் எங்க சங்கமே ஆரம்பிச்சது. முகமூடிக்குள்ள நீங்கதான் இருந்தீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சது. நூலக மண்டபத்துல விழா வச்சிருக்கோம். நீங்க வந்து அதைப் பத்திப் பேசணும்."

மாமா கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அது சண்டை இல்லங்க. அது நான் பண்ண தப்பு."

"தப்பா? உங்க வாழ்க்கையிலயே பெரிய விஷயம் சார் அது."

"என் வாழ்க்கையை முடிச்ச விஷயம் அது. அன்னைக்குத்தான் எனக்கு நிக்கத் தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சது. அதை மேடை போட்டு வேற காட்டணுமா?" மாமா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பிரேக் எது, கிளட்ச் எது என்று காட்டுகிற குரலில் சொன்னார்.

அப்பா சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் மாமா இதை வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டதில்லை. வந்தவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்கள்.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். "எழுந்திரிங்க மச்சான்."

"ஏன்?"

"எழுந்திரிங்க."

மாமா எழுந்தார். அப்பா நாற்காலியைத் தூக்கினார். அறுபது வயதில் அதைத் தூக்குவது லேசு இல்லை, கழுத்து நரம்பு புடைத்தது. அப்படியே தலைகீழாக மேசைமேல் வைத்தார். சிவப்புக் குறி மங்கலாக, ஆனால் முழுதாக இருந்தது. சண்டைக் காட்சியில் வேலை பார்த்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மாமா அந்தக் குறியைப் பார்த்தார், நாற்காலிக் காலைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. மறுபடி குறியைப் பார்த்தார்.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைச் சட்டை, வார்னிஷ், வேன், தாத்தா, ஓட்டம். நடுவில் அம்மா ஒரே ஒரு தடவை பேசினார்: "பசை காயலையாக்கும்." அப்பா நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

"அழிச்சிருக்கலாமே இதை" என்றார் மாமா, குறியின் மேல் விரலை வைத்து.

"அழிச்சா பொய் ரெண்டாயிரும்னு விட்டுட்டேன்."

மாமா என்னிடம் கைபேசியைக் கேட்டார். முப்பத்தேழாம் வாரத்தைப் போடச் சொன்னார். எல்லாரும் நீலத்தும்பியின் முகமூடியைப் பார்க்கிற காட்சியில் மாமா கீழே காலைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு சின்னக் கோடு, அதன் மேல் ஒரு நீல பூட்ஸின் குதிகால்.

"கோட்டு மேலதான் நிக்கிறேன்" என்றார். என்னிடம் காட்டினார். அம்மாவிடம் காட்டினார். "பாரு. கோட்டு மேலதானே? நான் சரியாத்தான் நின்னிருக்கேன்." அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததேயில்லை. பெரிய பரீட்சையில் பாஸானவர் மாதிரி இருந்தார். அது கொஞ்ச நேரம்தான். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஏன்டா சொல்லல?"

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த 'டா' எங்கள் வீட்டுக்குள் வந்தது. மாமா நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு, படியிறங்கி, டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் திணித்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். முப்பது வருடத்தில் அவர் வேகமாக வண்டி எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கூடத்தில் நாற்காலி இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அப்பா அந்தத் தடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார். அம்மா அவரோடு பேசவில்லை, என் மூலமாகப் பேசினார். "சாப்பிட வரச் சொல்லு உங்கப்பாவை. ஸ்டூல்ல உக்காரச் சொல்லு, அதுல பசை காஞ்சிருக்கு." அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார். இளைத்துப்போனார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு மடங்கு சத்தமாகப் பாத்திரம் கழுவினேன்.

மூன்றாவது வாரம் மாமா எனக்குப் போன் செய்தார்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. நான் விழாவுக்குப் போறேன். எனக்கு ஒரு உடையிற நாற்காலி வேணும். அதே அளவு, அதே கலர். அடியில குறி வேண்டாம்."

"குறி இல்லாம எதுக்கு மாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

அப்பா நாலு நாள் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. லேசான மரம் தேடினார், மெழுகு உருக்கினார், அம்மாவிடம் மைதா கேட்டார். அம்மா பேசாமல் கிண்ணத்தை நீட்டினார். ஒன்றைச் செய்து என்னைத் தூக்கச் சொன்னார், ஒற்றை விரலில் தூக்கினேன். இருபத்தைந்து வருடம் உடையாததையே செய்த கைக்கு உடைகிறதைச் செய்வது மறக்கவில்லை. நான்தான் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் பழைய நாற்காலி இருந்தது. புதியதை அதன் பக்கத்தில் வைத்தேன். செய்தவர் வந்தாலும் கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

விழா அன்று நூலக மண்டபத்தில் எண்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் முதுகில் காகிதச் சிறகு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேறு சட்டை போடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த ஒன்பது வினாடியைத் திரையில் போட்டார்கள். மாமா எழுந்து போகாமல் முழுவதும் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"இந்தச் சண்டையில முக்கியமான ஆள் நான் இல்ல. இந்த நாற்காலியைச் செஞ்சவர். என் தங்கச்சி வீட்டுக்காரர். மேல வாங்க மாப்ள."

கைத்தட்டல் நடுவே அப்பா மேடைக்குப் போனது கசாப்புக் கடைக்குப் போகிற ஆடு மாதிரி இருந்தது. மாமா இப்போது எல்லாவற்றையும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டி எடுத்து, குனிந்து, மேடையில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

"இதுல நில்லுங்க. அந்தப் பக்கம் திரும்பி. அன்னைக்கு நான் நின்னேன், இன்னைக்கு நீங்க."

அப்பா கோட்டின் மேல் குதிகாலை வைத்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். மாமா பின்னால் திரைக்குள் போனார். மேடையின் ஓரத்தில் நின்ற எனக்கும் அம்மாவுக்கும் உள்ளே தெரிந்தது. அங்கே இரண்டு நாற்காலி இருந்தது. இரண்டையும் கொண்டுவந்திருக்கிறார். மாமா ஒன்றைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைத் தூக்கினார். லேசானதைக் கனமாகவும் கனத்ததை லேசாகவும் தூக்கிக் காட்டுவதுதான் அவருடைய பழைய தொழில். கையைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என் முழங்கையை நகம் பதியப் பிடித்தார்.

காலடிச் சத்தம் மேடைமேல் நடந்து வந்தது. மரச் சத்தத்தைக் கேட்டே மரத்தின் பெயர் சொல்கிற அப்பா, ஒரு தடவை திரும்பி அதைத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அரை அடி முன்னால் நகர்ந்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். அவர் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோட்டில் வைத்த காலை எடுக்காமல் நின்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில்தான் போனது.

அடி விழுந்தது. நாற்காலி சுக்குநூறாகப் பறந்தது. ஒரு கால் முன்வரிசையில் பல் டாக்டர் மடியில் போய் விழுந்தது. அப்பா தூசி தட்டிக்கொண்டு நிற்க வேண்டியவர், பயத்தில் தானாகவே குப்புற விழுந்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. யாரோ ஒன்பது வரை எண்ணினார்கள்.

மாமா அப்பாவின் பக்கத்தில் குந்தினார். சட்டையில் ஒட்டிய மெழுகைத் தட்டிவிட்டார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் எண்பது பேருக்கும் கேட்டது.

"அரை அடி முன்னாடி வந்துட்டடா."

"இல்ல மச்சான்" என்றார் அப்பா, தரையிலிருந்தே. "நான் கோட்டு மேலதான் நின்னேன்."

"எனக்குத் தெரியும். நீயும் ஒரு முப்பத்தோரு வருஷம் யோசிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு மாமா கையை நீட்டினார்.